லைனுக்கு விடமாட்டம்

வன்னியில் ஒரு பிள்ளையின் வயது எங்கே இருந்தது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துச் சேர்விடாப்பில் என்றுதான் சொல்வேன். வீடுகளில் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் முடிவில் மழைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் அரிசியையும் பாயையும் தூக்கியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அலுமாரி லாச்சிக்குள் கிடந்தது. அதையும் மறக்காமல் கொண்டுவந்தவர்கள், அடுத்த ஆண்டு கிளிநொச்சியை இராணுவம் பிடித்தபோது, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இரண்டாவது தரம் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் எங்கள் அதிபர் சேர்விடாப்பை உரப்பைக்குள் வைத்துத் தைத்துச் சைக்கிள் கரியரில் கட்டி எடுத்துப்போனார். விஞ்ஞானகூடத்துச் சாமான், தளபாடம் எல்லாம் அங்கேயே கிடக்க, அதை மட்டும் கொண்டுபோனார்.

நான் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்தேன். ஓ.எல். விண்ணப்பம் நிரப்புகிற வேலையும் என்னுடையது. அதனால் அந்தப் புத்தகம் பெரும்பாலும் என் மேசையில்தான் கிடக்கும். பரீட்சைக்காகப் புரட்டிய பக்கங்களை வேறு காரணங்களுக்காகப் புரட்ட வேண்டி வந்த ஆண்டுகள் சில உண்டு.

முதலில் எங்களுக்கு வந்து சேர்ந்த எண்கள் பதினேழும் பதினெட்டும். 1998 மே மாதம் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வன்னிக்கு வந்துபோனார். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை, பதினெட்டு ஆகாதவர்களைச் சண்டையில் ஈடுபடுத்துவதில்லை என்று புலிகள் அவருக்கு வாக்குக் கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, யாராவது ஒரு பெடியன் பெடலைச் சுற்ற, டைனமோவில் இயங்கும் வானொலியில்தான் தமிழோசை கேட்போம். அன்றைக்குச் செய்தி கேட்ட முற்றத்தில் பெடலைச் சுற்றியவனுக்குப் பதினைந்து வயது. செய்தி முடிந்ததும், "அப்ப நான் இன்னும் மூண்டு வருசம் சுத்தலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பதினைந்து என்ற எண்ணும் இருந்தது. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயம் பதினைந்து ஆகாத பிள்ளை சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கக்கூடாது என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றது. 2000ஆம் ஆண்டில் அதற்கு ஓர் இணைப்பு உடன்படிக்கை வந்தது. அரசுகள் பதினாறு வயதில் தாமாக வருபவர்களைப் படையில் சேர்க்கலாம், ஆனால் பதினெட்டு ஆகும்வரை சண்டைக்கு விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு அல்லாத ஆயுத இயக்கங்களோ பதினெட்டுக்குக் கீழே யாரையும் சேர்க்கவே கூடாது. இதையெல்லாம் நான் உடன்படிக்கையை வாசித்து அறியவில்லை. எங்கள் பகுதி அரசியல்துறையில் இருந்த ஒருவர்தான் முதலில் சொன்னார், கோபமாக.

"இங்கிலாந்துக்காரன் பதினாறில எடுக்கிறான் ரீச்சர். அவனை ஒருத்தரும் கேக்கேல்லை. எங்களைத்தான் கேக்கினம்."

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அரசுக்கு ஓர் அளவு, மற்றவர்களுக்கு வேறோர் அளவு. ஆனால் அதைக் கேட்டவர் அன்று பள்ளிக்கூட வாசலில் நின்றது ஒன்பதாம் வகுப்பில் நன்றாகக் கபடி விளையாடுகிற ஒரு பெடியனோடு பேசுவதற்காக.

எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த நாட்களில் தாமாகப் போன பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் வீதி நாடகம் போடுவார்கள். முடிந்ததும் இரண்டு மூன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் அவர்களோடு வாகனத்தில் ஏறிவிடுவார்கள். தமையன் செத்த வீடு, கிபிர் விமானம் அடித்த வீடு, தாய் மறுமணம் செய்த வீடு, மூன்று நேரமும் சோறு காணாத வீடு. ஒரு பெண்பிள்ளை போவதற்கு முதல்நாள் எனக்குக் கட்டுரைக் கொப்பியைத் திருப்பித் தந்தாள். கட்டுரை பாதியில் நின்றது. "மிச்சம் பிறகு எழுதித் தாறன் ரீச்சர்." தாமாகப் போனவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். ஆனால் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தானாக எடுத்த முடிவை வைத்து அடகுக்கடைக்காரர்கூட ஒரு மோதிரத்தை வாங்கமாட்டார்.

அவளைப் பற்றித் தாய்க்குச் சொல்லப்பட்ட ஆறுதல்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. "பயப்பிடாதேங்கோ அம்மா. வயசு வரும்வரைக்கும் லைனுக்கு விடமாட்டம்."

லைன் என்பது முன்னரங்கு. மண் அணை, அதற்குள் பங்கர்கள், முன்னால் கண்ணிவெடி, அதற்கும் அப்பால் இராணுவத்தின் மண் அணை. போர் ஓய்ந்திருந்த காலத்தில் அது ஓரிடத்தில் நின்றது. வடக்கே முகமாலை, நாகர்கோவில். தெற்கே ஓமந்தைக்கு அப்பால். நடுவில் இருந்த வன்னி முழுவதும் பின்தளம். அங்கே சமையற்கூடம், மருத்துவமனை, அச்சகம், வாகனத் திருத்தகம், வங்கி, காவல்துறை எல்லாம் இருந்தன. அதனால் அந்த வாக்குறுதி கேட்பதற்கு அர்த்தமுள்ளதாக இருந்தது. பிள்ளையை எடுப்போம், ஆனால் லைனில் இருந்து தூரத்தில் வைத்திருப்போம். அந்தப் பெண்பிள்ளை ஒரு முகாமில் சமையலுக்கு நிற்பதாகக் கடிதம் வந்தது. கிழங்குக் கறிக்கு எத்தனை கிலோ மிளகாய்த்தூள் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். தாய் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "சமைக்கத்தானே ரீச்சர்" என்றார். என்னிடம் ஒப்புதல் கேட்பதுபோல இருந்தது.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. கிளிநொச்சியில் வெள்ளை வாகனங்கள் நிறைந்தன. பேச்சுவார்த்தையில் பிள்ளைகளின் விவகாரமும் எழுந்தது. 2003இல் போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்திட்டம் ஒன்றில் அரசும் புலிகளும் கையொப்பமிட்டார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில், விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் ஓர் இடைத்தங்கல் நிலையம் திறக்கப்பட்டது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் திறக்கவென்று சொல்லப்பட்டவை நடக்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் சேர்விடாப்புக்கு மதிப்பு வந்தது. பிள்ளையைக் காணவில்லை, அல்லது பிள்ளை அங்கே நிற்கிறது என்று யுனிசெப்பில் பதிய வரும் தாய் தகப்பனிடம் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். பத்திரம் இல்லாதவர்கள் எங்களிடம் வருவார்கள். நான் இடாப்பைப் பார்த்துப் பிறந்த திகதியையும் சேர்ந்த திகதியையும் எழுதுவேன், அதிபர் கையொப்பமிட்டு முத்திரை குத்துவார். ஒரு தகப்பன் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துப் பொலித்தீனில் சுற்றிச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். சில பிள்ளைகள் உண்மையிலேயே திரும்பி வந்தார்கள். வகுப்பில் அவர்களை எங்கே இருத்துவது என்பதே பெரிய பாடாக இருந்தது. பதினாறு வயதுப் பெடியனை எட்டாம் வகுப்பில் இருத்தினால், பக்கத்தில் இருப்பவன் அவன் தோளுயரம் வரமாட்டான். திரும்பி வந்த சிலரை அடுத்த ஆண்டே மறுபடி கொண்டுபோனார்கள்.

வயது கேட்டு இயக்கத்தவரும் வந்தார்கள். பண்பாகத்தான் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அலுவலகத்துக்குள் வந்து கதிரையில் இருப்பார்கள்.

"ரீச்சர், இவர் எண்பத்தேழோ எண்பத்தெட்டோ?"

"எண்பத்தெட்டு, மார்கழி."

"அப்ப இன்னும் பதினேழு ஆகேல்லை." கொப்பியில் எதையோ குறித்துக்கொண்டார். "ஆளைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை."

அந்தக் கடைசி வசனத்தைத்தான் நான் அதிகம் பயந்தேன். சாப்பாடு கிடைத்து வளர்ந்த பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும். அவனுக்கு ஆபத்து. பஞ்சத்தில் குறுகிப்போன பதினெட்டு வயதுக்காரன் பதினாலு போல இருப்பான். அவனை விட்டுவிடுவார்கள். வயதைத் திகதி தீர்மானிக்கும் என்று ஜெனீவாவில் எழுதினார்கள். எங்கள் சந்தியில் அதை மீசைதான் தீர்மானித்தது.

யுனிசெப்பின் கணக்கில் இரண்டு வரிகள் இருக்கும். இன்னும் விடுவிக்கப்படாதவர்களில் பதினெட்டு ஆகாதவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று. எடுக்கும்போது சிறுவராயிருந்து இப்போது பதினெட்டைக் கடந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது மற்றது. ஆண்டு போகப்போக முதல் வரி சுருங்கியது, இரண்டாம் வரி நீண்டது. ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு விடாமலே முதல் வரியைச் சுருக்கலாம். பிறந்தநாள் வரும்வரை பொறுத்திருந்தால் போதும். நான் சமையல்காரி என்று சொன்ன பெண்பிள்ளை 2005இல் அப்படித்தான் முதல் வரியில் இருந்து இரண்டாம் வரிக்குப் போனாள். தாய் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இனி அவ பெரிய ஆளாம்."

இன்னொரு தாய் வந்தார். அவருடைய ஒரே மகனைச் சந்தியில் வைத்து ஏற்றியிருந்தார்கள். வயதுக் கடிதம் வேண்டுமென்றார். இடாப்பைப் பார்த்தேன். மகனுக்கு இருபது.

"இருபது எண்டா பதியமாட்டினமோ?"

பதியமாட்டார்கள். அந்த மேசை பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இருபது வயசுப் பிள்ளையைப் பிடிக்கிறது சரியெண்டு அவையளும் சொல்லினமோ?" என்று கேட்டார். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கினேன். விளக்கம் எனக்கே வலுவாகப் படவில்லை. பதினெட்டு என்ற கோட்டுக்காக இத்தனை பேர் கதைத்ததில், கோட்டுக்கு மேலே நின்ற பிள்ளைகளைப் பற்றிக் கதைக்க ஒரு மேசைகூட இல்லாமல் போயிற்று.

2006இல் மறுபடி சண்டை தொடங்கியது. "வீட்டுக்கு ஒருவர்" என்ற அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டின் கடைசிப் பகுதியில் புலிகள் ஒரு சிறுவர் பாதுகாப்புச் சட்டமும் கொண்டுவந்தார்கள். சேர்ப்பதற்குப் பதினேழு, ஆயுதச் சண்டைக்குப் பதினெட்டு. எட்டு ஆண்டுக்கு முன் ஒட்டுனுவுக்குச் சொன்ன அதே இரண்டு எண்கள், இப்போது சட்டப் புத்தகத்தில். கிழக்கில் பிரிந்துபோன கருணா தரப்பும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அரச படையினர் சிலர் துணைபோகிறார்கள் என்று ஐ.நா. அனுப்பிய அலன் றொக் அதே ஆண்டு நவம்பரில் சொன்னார். பதினெட்டுக்குக் குறைந்தவர்களைத் தன் படையில் சேர்க்காத அரசு அது.

அதற்கு முன், ஆகஸ்ட் 14 காலை, வள்ளிபுனத்தில் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளவில் விமானங்கள் குண்டு போட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிக்கூடங்களில் இருந்து பயிற்சிக்கென்று வந்து தங்கியிருந்த மாணவிகள் அங்கே இருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெப்பும் போய்ப் பார்த்தன. முகாமுக்கான தடயம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. செத்தவர்கள் பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுப் பள்ளிப் பிள்ளைகள். பிறகு பல நாட்கள் வானொலியில் நடந்த வாதம் முழுக்க அந்தப் பிள்ளைகள் யார், என்ன வயது, சீருடையோ சட்டையோ என்பதாகவே இருந்தது. ஒரு தரப்பு பிள்ளையைப் பெரியவராக்கி எடுத்தது. மறு தரப்பு எடுக்கப்படாத பிள்ளையையும் எடுக்கப்பட்டதாகக் கணக்கு வைத்து அடித்தது. பத்தாம் வகுப்பு மாணவிகள் அதன் பிறகு சீருடையோடு வெளியூர்ப் பயிற்சி எதற்கும் போக மறுத்தார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

2007, 2008 கலியாணங்களின் காலம். மணமானவர்களை எடுக்கமாட்டார்கள் என்று ஒரு பேச்சு. முதலில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் ஒரு கிழமைக்குள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாலி. சட்டப்படி பதிவுத் திருமணத்துக்குப் பதினெட்டு வேண்டும். 1995இல் வந்த திருத்தம். ஒரு தாய் என் வீட்டுக்கே வந்தார். மகளுக்குப் பதினாறு. கலியாணத்தைப் பதிவதற்குப் பதினெட்டு என்று ஒரு கடிதம் வேண்டும். அதைவிட, பிடிக்க வந்தால் காட்டுவதற்குப் பதினாறு என்று இன்னொரு கடிதமும் வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் வெட்கப்படவில்லை, நானும் ஆச்சரியப்படவில்லை. பதினாறு என்று ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தேன். கலியாணம் பதியாமலே நடந்தது. ஐயர் வந்தார், மாப்பிள்ளைக்கு மீசை சரியாக அரும்பவில்லை, பந்தலில் பெரியவர்கள் கூட்டம் குறைவு. இரண்டு ஆண்டு கழித்துச் செட்டிகுளம் முகாமில் அந்தப் பிள்ளையின் குழந்தைக்குப் பிறப்புப் பதிய நின்றபோது, பெற்றோரின் விவாகத் திகதி என்று கேட்ட இடத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

மற்றவர்கள் பிள்ளைகளை ஒளித்தார்கள். வன்னியை விட்டு வெளியே அனுப்பப் பாஸ் வேண்டும், பிணைக்கு ஆள் வேண்டும். ஆகவே கட்டிலுக்குக் கீழே குழி, கிணற்றுக்குப் பக்கத்தில் குழி, வைக்கோல் போருக்குள் வெளி. வகுப்பில் வரவு கூப்பிடும்போது சில பெயர்களுக்கு எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். அந்தப் பெயரை நான் இரண்டாவது தரம் கூப்பிடுவதில்லை. ஊரில் பேச்சு பிறந்த ஆண்டைக் கொண்டே நடந்தது. "தொண்ணூறு முடிஞ்சுதாம். இனித் தொண்ணூற்றொண்டாம்." கண்டம் எடுத்து விடும் வயல் தண்ணீரைப் பற்றிக் கதைக்கிற அதே குரலில் கதைத்தார்கள்.

எங்கள் வகுப்பில் இரண்டு பேரை 2008 நவம்பரில், ஒரே கிழமையில் கொண்டுபோனார்கள். ஒருவன் அரிசி மில்காரரின் மகன், 1991 பெப்ரவரியில் பிறந்தவன். மற்றவள் அவனோடு ஒரே வாங்கில் இருந்தவள், 1991 ஆகஸ்ட். அவளுடைய பின்னலை முதல் நாளே வெட்டிவிட்டார்கள். கட்டை முடியோடு தப்பி ஓடினால் எந்தச் சந்தியிலும் அடையாளம் தெரியும். இருவருக்கும் பதினேழு நிறைந்திருந்தது. இயக்கத்தின் சட்டப்படி அதில் பிழை இல்லை. மில்காரரின் வீட்டுக்கு வந்தவர்கள் அதே வசனத்தைத்தான் சொன்னார்கள்: லைனுக்கு விடமாட்டம்.

ஆனால் லைன் எங்கே இருந்தது? 2007இல் அது மன்னார்ப் பக்கம் நகரத் தொடங்கியது. 2008 ஏப்ரலில் மடு போனது. நவம்பரில் பூநகரி, மாங்குளம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி. அந்த மாத முடிவுக்குள் முல்லைத்தீவு. சமையற்கூடம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், சந்தை எல்லாவற்றையும் லைன் கடந்துகொண்டே வந்தது. முன்னரங்குக்கு ஒரு வயது, பின்தளத்துக்கு ஒரு வயது என்று எழுதியவர்கள் இரண்டும் வேறு வேறு இடங்கள் என்று நம்பியிருப்பார்கள். பிரித்தானியப் படை பதினேழு வயதுக்காரனை எடுத்துக் களத்தில் இருந்து ஆயிரம் மைல் தள்ளி ஒரு முகாமில் வைத்திருக்க முடியும். எங்களிடம் பின்தளமாக மிஞ்சியது கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் லட்சக்கணக்கான சனம் தறப்பாளுக்குக் கீழே. சமையலுக்கு நின்ற பெண்பிள்ளை விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில் எங்கேயோ, அடுப்படியில் விழுந்த செல்லில் இறந்தாள் என்று அவளோடு நின்ற ஒருத்தி பிறகு சொன்னாள். அவளை யாரும் லைனுக்கு அனுப்பவில்லை.

மணல் திட்டில் வயது என்ற கதையே முடிந்துபோனது. மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். செல் விழும், விழாத நேரத்தில் பிள்ளை பிடிக்க வருவார்கள். வலைஞர்மடத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளையவர்களையும் ஏப்ரலில் இழுத்துப்போனார்கள். தாய்மார் மண்ணை அள்ளி எறிந்தார்கள், தடியால் அடித்தார்கள், வாகனத்துக்குக் குறுக்கே படுத்தார்கள். எத்தனையாம் ஆண்டு என்று யாரும் கேட்கவில்லை. சேர்விடாப்பு எந்த இடப்பெயர்வில் எங்கே விடுபட்டது என்று எனக்குத் தெரியாது. அதிபர் சுதந்திரபுரத்தில் காயப்பட்ட பிறகு அதைப் பற்றி விசாரிக்க ஆள் இருக்கவில்லை.

இதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

வயது மறுபடி உயிர் பெற்றது ஓமந்தையில். இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்து வரிசையில் நின்ற சனத்துக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் வந்து பதியுங்கள். பதிந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். அன்றைய திகதியில் பதினெட்டு ஆகாதவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம். சிறுவர்கள் என்று கணக்கானவர்கள் 594 பேர். அம்பேபுஸ்ஸ, பூந்தோட்டம் என்று வைத்திருந்து, பலரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். 2010 மே மாதத்துக்குள் எல்லோரும் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. பின்னல் வெட்டப்பட்டவள் அங்கே இருந்து பரீட்சை எழுதினாள். இப்போது ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள்.

மில்காரரின் மகனுக்கு 2009 மே மாதத்தில் பதினெட்டு வயதும் மூன்று மாதமும். மணல் திட்டில் ஒரு பங்கருக்குள் அவனுக்குப் பிறந்தநாள் வந்துபோயிருந்தது. அவன் பெரியவர்களுக்கான தடுப்பு முகாமுக்குப் போனான். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு, ஒரே கிழமை. தாய் செட்டிகுளத்தில் என் தறப்பாளைத் தேடி வந்து, பிடிபட்டபோது பதினேழு என்று கடிதம் கேட்டார். இடாப்பு இல்லை, முத்திரை இல்லை. நினைவில் இருந்த திகதியை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கையொப்பமிட்டேன். அதை வாங்கிப் பார்த்த அதிகாரி தாயிடம் கேட்டது ஒன்றுதான்: "இப்ப எத்தினை வயசு?"

பிடித்தவர்கள் பிறந்தநாள் வரும்வரை பொறுத்திருந்தார்கள். மீட்டவர்கள் பிறந்தநாளுக்குப் பிறகு எண்ணத் தொடங்கினார்கள். எடுத்த அன்றைக்கு என்ன வயது என்பதைத்தான் கேட்க வேண்டும் என்று நான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

அவன் இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து வெளியே வந்தான். இப்போது கொங்கிறீற் வேலை, சொந்தமாக மிக்சர் மெசின் ஒன்று வாங்கியிருக்கிறான். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி மாவட்டம் மாவட்டமாகச் சனத்திடம் கருத்துக் கேட்டபோது, இந்த வயது விஷயத்தை எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவனுடைய கதையைச் சேர்க்கலாமா என்று கேட்கப் போனேன். சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"எழுதுங்கோ ரீச்சர். பேரைப் போடாதேங்கோ." பிறகு, "ஆனா நீங்கள் சொல்லுற மாதிரி வயசு பாத்தா, என்ர பங்கருக்குள்ள நிண்ட அண்ணைக்கு என்ன செய்வியள்?" என்றான்.

யார் அந்த அண்ணை?

"கடற்தொழில் செய்தவர். ரெண்டு பிள்ளையள். மாத்தளன்ல தண்ணி எடுக்கப் போன இடத்தில பிடிச்சுக் கொண்டந்தவை. துவக்கு எப்பிடிப் பிடிக்கிறதெண்டு நான்தான் அவருக்குக் காட்டிக் குடுத்தனான். எனக்கு முதல் அவர் அழுதவர். அவர் சின்னப் பிள்ளை இல்லைத்தானே, அவரைப் பிடிச்சது சரியோ?"

அந்த மனிதர் திரும்பி வரவில்லை என்று பிறகு விசாரித்து அறிந்தேன். மனைவி முல்லைத்தீவில் இருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் பதிந்திருக்கிறார். எப்படிக் காணாமல் போனார் என்பதற்கு எதிரே, இராணுவக் கட்டுப்பாட்டுக்கு வரும் வழியில் என்று இருந்தது. பிடித்துக்கொண்டு போனதை எழுதினால் இயக்கக் குடும்பம் என்று ஆகிவிடும் என்ற பயத்தில் அப்படிப் பதிந்ததாகச் சொன்னார்.

செயலணிக்குக் கொடுத்த கடிதத்தில், சிறுவர்கள் என்று தலைப்பிட்டு நான் எழுதியிருந்த பகுதியின் கீழேயே, மனைவியின் சம்மதத்தோடு அவரையும் சேர்த்தேன். பெயர் போடவில்லை. வயது முப்பத்தொன்று, தொழில் மீன்பிடி, பிள்ளைகள் இருவர். பதிந்துகொண்டிருந்த இளைஞர் அந்த இடத்தில் நிறுத்தி, இது வேறு பகுதியில் வரவேண்டியதல்லவா அம்மா என்று கேட்டார். எந்தப் பகுதி என்று நானும் கேட்டேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.